இல்லமும் உணவும்: ஆட்டுப்பாலிலிருந்து பாற்கட்டி

வலையில் மீன் மிகுந்து விழுந்த நாளிலே நமது கரையோர மக்கள் கலங்குவதில்லை. சந்தையில் விலைபோனது போக எஞ்சியதைப் பிளந்து, குடல் நீக்கி, உப்பிட்டு, வெயிலிற் காயவைத்துக் கருவாடாக்கி விடுவர். சிலாபம் முதல் கற்பிட்டி வரையுள்ள கடற்கரையில் இதனை அறியாத வீடு இல்லை. உப்புக்கும் நமக்குக் குறைவில்லை. புத்தளத்து உப்பளங்கள் நாடறிந்தவை. வெயிலோ கேளாமலே கிடைப்பது. இன்று கெட்டுவிடக்கூடிய பொருளை அடுத்த வாரத்துக்கும் அடுத்த மாதத்துக்கும் உரியதாக்கும் இக்கலையை நமக்கு எந்தக் கல்லூரியும் கற்பிக்கவில்லை, தேவையே கற்பித்தது.

ஆனால் மீனுக்குச் செய்த இவ்வுபகாரத்தை நாம் பாலுக்குச் செய்தோமில்லை. வேலியோரத்தில் நிற்கும் ஆடு காலையிற் பால் தருகின்றது. குட்டி குடித்தது போக, தேநீருக்கு ஊற்றியது போக, எஞ்சுகின்ற பால் மதியத்துக்குள் புளித்து விடுகின்றது. பல வீடுகளில் அதுவும் கறக்கப்படுவதில்லை. அந்தப் பாலைக் கட்டியாக்கி நாளாந்த உணவிற் சேர்த்துக்கொள்ளும் வழியை இவ்வாரம் கூறப் புகுகின்றோம். இது விருந்துக்குரிய அயல்நாட்டுப் பண்டமாயிற்றே என்று எவரும் ஒதுக்கவேண்டியதில்லை. ஒரு லீற்றர் பால், இரண்டு தேசிக்காய், ஒரு பிடி உப்பு, ஒரு வெள்ளைத் துணி, வேண்டுவன இவ்வளவே.

கரைக்கு ஏற்ற விலங்கு

பசுவுக்குப் புல் வேண்டும். புல்லுக்கு மழை வேண்டும். நமது மாவட்டத்தின் கரையோரம் வறண்ட நிலம். ஆண்டிற் பல மாதங்கள் மணல் மணலாகவே கிடக்கும். வெள்ளாடு அப்படிப்பட்ட நிலத்தின் விலங்கு. அது தரையைப் பார்த்து மேய்வதிலும் தலைநிமிர்ந்து தழை கடிப்பதையே பெரிதும் விரும்பும். பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை, பலாவிலை என்று வேலியே அதற்கு விருந்தாகி விடுகின்றது. ஆடு தொடாத இலை என்பதனாலேயே ஒரு செடிக்கு ஆடாதோடை என்று பெயரிட வேண்டியிருந்ததென்றால், அது தொடுகின்ற இலைகள் எத்தனை என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இம்மாவட்டத்துக்கும் ஆட்டுக்கும் உள்ள உறவுக்கு வேறொரு சான்றும் உண்டு. இலங்கையில் உருவாக்கப்பட்ட ஆட்டினங்களுள் ஒன்று ‘கொட்டுக்கச்சிய’ எனப் பெயர் பெற்றது. புத்தளம் மாவட்டத்திலுள்ள கொட்டுக்கச்சிய அரசாங்கப் பண்ணையில், வட இந்தியாவின் ஜமுனாபாரி ஆட்டையும் நமது வறண்ட வலயத்து ஆட்டையும் கலந்து அவ்வினத்தை உருவாக்கினர். ஜமுனாபாரி நீண்டு தொங்கும் காதும் வளைந்த மூக்கும் உடையது. பாலுக்குப் பெயர் பெற்றது. நாட்டாடு நமது வெயிலையும் வறட்சியையும் தாங்க வல்லது. இரண்டின் குணமும் ஒன்றிற் கூடினால் ஏழைக் குடும்பத்துக்கு உதவும் என்பதே அம்முயற்சியின் கருத்து.

ஆயினும் ஆட்டை நாம் பெரும்பாலும் இறைச்சிக்காகவே மதிக்கின்றோம். வீட்டுப் பெண்ணின் பணப்பை என்றே அதனைச் சொல்லலாம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு வந்தாலும், வீட்டில் நோய் வந்தாலும், ஒரு கிடாய் விலைப்படும். அது நியாயமே. ஆனால் விற்பதற்குமுன் அந்த மந்தை நாள்தோறும் தரக்கூடிய செல்வத்தை நாம் கணக்கிற் சேர்ப்பதில்லை.

பால்மா படிப்பித்த பாடம்

நமது வீடுகளிற் பால் என்றால் பால்மா என்று பொருள்பட்டுப் பல காலமாயிற்று. கடல் கடந்து வருகின்ற பொருளை நம்பினால் நேர்வது என்ன என்பதை 2021ஆம், 2022ஆம் ஆண்டுகள் நமக்குக் காட்டின. 2021 செப்டெம்பரில் 400 கிராம் பால்மாப் பொதியின் விலை 380 ரூபா. அந்த விலைக்கும் கடைகளில் அதனைக் காண்பது அரிதாயிற்று. அடுத்த மாதம் அது 480 ரூபாவாயிற்று. 2022 மார்ச்சில் 790 ரூபாவை எட்டியது. அரையாண்டில் விலை இரு மடங்கிலும் மேலாயிற்று. வெறுந்தேநீரோடு பள்ளிக்கு வந்த பிள்ளைகளை ஆசிரியர்கள் அனைவரும் அந்நாட்களிற் கண்டோம். அவர்களுட் சிலருடைய வீட்டு வேலியில் ஆடு கட்டியிருந்தது என்பதே இதில் வருந்தத்தக்க செய்தி.

ஆட்டை விற்றுப் பால்மா வாங்குகின்ற வீடு தன் கையிலிருப்பதைக் கொடுத்துத் தனக்கு எட்டாததை வாங்குகின்றது. பாற்கட்டி இக்குறையை முற்றாகத் தீர்த்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் வாரத்தில் ஒரு வேளையேனும் பிள்ளையின் தட்டில் வீட்டுப் பாலின் புரதத்தை வைக்க அது உதவும்.

ஏன் நாம் கற்கவில்லை?

பால், தயிர், மோர், வெண்ணெய், நெய் என்ற ஐந்தோடு நமது பாற்கணக்கு முடிந்து விடுகின்றது. பால் திரைந்து போதலை நமது முன்னோர் அபசகுனமாகக் கருதினர். புதுமனையிற் பால் பொங்க வேண்டும், திரையலாகாது. பொங்கலன்று பானையைச் சுற்றி நிற்பவர் யாவரும் பார்ப்பது அதனைத்தான். இப்படிப்பட்ட மக்கள் வேண்டுமென்றே பாலைத் திரைப்பார்களோ?

இதே மனப்பான்மை வங்காளத்திலும் இருந்தது என்பர். ஆனால் ஊக்ளி ஆற்றங்கரையிற் குடியேறிய போர்த்துக்கேயர் பாலைப் புளியிட்டுப் பிரித்துக் கட்டியாக்குவதைக் கண்டு வங்காளிகளும் அதனைக் கைக்கொண்டனர் என்று உணவு வரலாற்றாசிரியர் பலர் கூறுகின்றனர். பண்டேல் என்னும் ஊரின் பெயரால் வழங்கும் உப்பிட்ட பாற்கட்டி இன்றும் கல்கத்தாவில் விற்கப்படுகின்றது. திரைந்த பாலைச் சர்க்கரைப் பாகில் இட்டு ரசகுல்லாவாக்கி, 1868ஆம் ஆண்டளவிற் புகழ்பெறச் செய்தவர் அந்நகரத்து இனிப்பு வணிகர் நபீன் சந்திர தாஸ். அபசகுனமாயிருந்தது அங்கே மங்கலப் பண்டமாயிற்று.

அந்தப் போர்த்துக்கேயரே நமது கரைக்கும் வந்தனர். மேசையும் அலுமாரியும் பாணும் அவர்கள் தந்த சொற்கள். பாண் நமது காலையுணவாகவே நிலைத்துவிட்டது. பாற்கட்டிக்குச் சிங்களத்தில் வழங்கும் ‘கேஜு’ என்ற சொல்லும் அவர்கள் மொழியிலிருந்து வந்ததே. அவர்களுக்குப்பின் ஒல்லாந்தர் வந்தனர். பாற்கட்டிக்கு உலகப் புகழ் பெற்ற நாட்டினர் அவர்கள். 1667 முதல் 1676 வரை அவர்கள் கட்டிய கற்பிட்டிக் கோட்டை இன்றும் நிற்கின்றது. கந்தோரும் போஞ்சியும் அவர்கள் விட்டுச் சென்றவை. கட்டியைச் செய்யும் வழக்கம் மட்டும் நமது அடுப்படிக்குள் நுழையவில்லை.

நம்மைப் போலவே வெயில் மிகுந்த தீவொன்றையும் இங்கே நினைக்கலாம். மத்தியதரைக் கடலிலுள்ள சைப்பிரசு மக்கள் ஆட்டுப்பாலையும் செம்மறிப்பாலையும் கொண்டு ‘ஹலூமி’ என்னும் கட்டியைச் செய்கின்றனர். அதனைப் பிரிந்த நீரிலே வேகவைத்து, புதினா தூவி, உப்புநீரில் இட்டு வைப்பர். தணலிற் சுட்டாலும் உருகுவதில்லை. 2021ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் அப்பெயரைச் சைப்பிரசுக்கே உரியதெனப் பாதுகாத்தது. வறண்ட நிலத்து ஆட்டுப்பால் ஒரு நாட்டின் பெருமையாகவும் ஆகலாம் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

ஆட்டுப்பாலின் இயல்பு

‘ஆட்டுப்பால் மணக்கும்’ என்பது பலர் கூறும் குறை. அது பாலின் குறை மட்டுமன்று, கறப்பவரின் குறையுமாகும். ஆட்டுப்பாலின் கொழுப்பிற் கப்ரோயிக், கப்ரிலிக், கப்ரிக் என்னும் மூன்று அமிலங்கள் மிகுதி. இலத்தீன் மொழியிற் ‘கப்ரா’ என்றால் ஆடு. அதிலிருந்தே மூன்றும் பெயர் பெற்றன என்பதை மாணவர் மனத்திற் கொள்க. பாலை அலைத்தும் குலுக்கியும் வெயிலில் வைத்தும் கெடுத்தால் இவை பிரிந்து மணக்கும். கிடாயின் நாற்றமும் பாலிற் சேரும். ஆதலின் கறவை ஆட்டைக் கிடாய்க்கு அருகிற் கட்டலாகாது. மடியைக் கழுவித் துடைத்து, தூய பாத்திரத்திற் கறந்து, உடனே காய்ச்சினால், அல்லது குளிர்நீரில் வைத்து ஆற்றினால், மணம் பற்றிய குறை பெரும்பாலும் நீங்கிவிடும்.

ஆட்டுப்பாலின் கொழுப்புத் துளிகள் பசுப்பாலினுடையவற்றிலும் சிறியவை. அதனால் ஆடை எளிதில் மேலே திரள்வதில்லை. தழையிலுள்ள கரோட்டின் என்னும் மஞ்சட் பொருளை ஆடு உயிர்ச்சத்து ‘ஏ’யாக மாற்றி விடுவதால், பாலும் அதன் கட்டியும் தூய வெண்மையாயிருக்கும். பசுப்பாற் கட்டியைக் காட்டிலும் ஆட்டுப்பாற் கட்டி மென்மையானது. கைபட்டால் உதிரும் இயல்புடையது. சமைக்கும்போது இதனை நினைவில் வைத்தல் வேண்டும்.

காய்ச்சாத பால் வேண்டா

மேனாட்டிற் பாற்கட்டியைச் சிலர் பச்சைப்பாலிலும் செய்வர். நமது வீடுகளுக்கு அது ஏற்றதன்று. மால்டாத் தீவிலிருந்த பிரித்தானியப் படைவீரரை நெடுநாட் காய்ச்சல் ஒன்று வாட்டி வந்தது. 1887இல் டேவிட் புரூஸ் என்னும் மருத்துவர் அதற்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்தார். அக்கிருமி ஆட்டின் உடலில் தங்கிப் பாலின்வழி மனிதரை அடைகின்றது என்பதை 1905இல் மால்டாவைச் சேர்ந்த தெமிஸ்தோக்ளிஸ் சமிற் நிறுவினார். அடுத்த ஆண்டு படைவீரருக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது. காய்ச்சலும் அவர்களிடையே விரைந்து குறைந்தது. புரூசின் பெயரால் அந்நோயைப் புரூசெல்லோசிஸ் என்கின்றனர். நோயுற்ற ஆடு பார்வைக்கு நலமாகவே தோன்றக்கூடும். ஆனால் பாலைக் கொதிக்கக் காய்ச்சினால் கிருமி இறந்துவிடும். நாம் கீழே கூறும் முறை காய்ச்சிய பாலிலேயே செய்யப்படுவதால் அந்த அச்சம் இல்லை.

இம்முறைக்கு வேறொரு சிறப்பும் உண்டு. மேனாட்டுக் கட்டிகள் பலவற்றை உறையச் செய்வது இளங்கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் ‘ரெனெற்’ என்னும் நொதியம். சைவ உணவினர் அதனை ஏற்கமாட்டார்; முஸ்லிம் அன்பர்களும் அது எவ்வாறு பெறப்பட்டது என்று வினவுவர். தேசிப்புளியால் உறையும் கட்டிக்கு இவ்வினா எழுவதில்லை. கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் தேவாலயமும் அடுத்தடுத்து நிற்கும் நமது கரையில் எல்லோரும் ஒரே தட்டில் உண்ணத்தக்க பொருள் இது.

செய்முறை

ஒரு லீற்றர் ஆட்டுப்பாலை வடித்து, துருவேறாத உருக்குப் பாத்திரத்திலோ மண்சட்டியிலோ ஊற்றி, இளந்தீயிற் காய்ச்சுக. அலுமினியச் சட்டி புளிக்கு ஆகாது. அடிபிடியாதவாறு அகப்பையாற் கிண்டிக்கொண்டே இருந்து, பால் ஒருமுறை பொங்கி எழுந்ததும் இறக்கி, மூன்று நான்கு நிமிடம் பொறுத்திடுக. இரண்டு தேசிக்காயின் சாற்றை வடித்து, அதே அளவு இளஞ்சூட்டு நீர் கலந்து, கரண்டி கரண்டியாகப் பாலில் விட்டு மெதுவாகக் கிண்டுக. வெண்ணிறப் பாற்றிரள் ஒருபுறமும் இளம்பச்சை சாயலுள்ள தெளிநீர் மறுபுறமுமாகப் பிரியும். பிரிந்தவுடன் புளி விடுவதை நிறுத்திவிடவேண்டும். மிகுந்தாற் கட்டி கைக்கும். பிரியத் தாமதித்தால் மீண்டும் சிறிது சூடேற்றி இன்னும் ஒரு கரண்டி விடுக. தேசிக்காய்க்குப் பதிலாக நமது பகுதித் தென்னங்கள் வினாகிரியையும் மூன்று மேசைக்கரண்டியளவு சேர்க்கலாம்.

பிரிதலுக்குக் காரணம் என்ன? பாலிலுள்ள கேசீன் என்னும் புரதத்தின் நுண்துகள்கள் ஒரே வகை மின்னேற்றம் உடையவை. ஆகவே அவை ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு பாலில் மிதக்கின்றன. புளியின் அமிலம் அம்மின்னேற்றத்தை நீக்கவே, துகள்கள் ஒன்றோடொன்று கூடித் திரள்கின்றன.

பத்து நிமிடம் அசையாமல் வைத்தபின், நெருக்கமாக நெய்த வெள்ளைத் துணியில் வடித்திடுக. ஆட்டுப்பாற்றிரள் நுண்மையானது, நெகிழ்ந்த துணியானால் பாதி ஒழுகிவிடும். ஒரு குவளை ஆறிய நீரை அதன்மேல் ஊற்றினாற் புளிப்புக் குறையும். அரைத் தேக்கரண்டி தூள் உப்புக் கலந்து, துணியை முடிந்து, உறியிலோ ஆணியிலோ ஒரு மணி நேரம் தொங்கவிடுக. உதிர்த்துச் சமைப்பதற்கு இதுவே போதும். துண்டமாக வெட்ட வேண்டுமாயின், துணியோடு ஒரு தட்டில் வைத்து, அம்மிக் குழவியை மேலே ஏற்றி இரண்டு மணி நேரம் அழுத்துக. மூன்றிலொரு பங்கு பசுப்பால் கலந்து காய்ச்சினால் துண்டம் உடையாமல் வரும்.

ஒரு லீற்றர் பாலில் ஏறக்குறைய 120 முதல் 160 கிராம் வரை கட்டி கிடைக்கும். ஐவர் கொண்ட குடும்பத்தின் ஒரு வேளைக் கறிக்கு அது போதும். பிரிந்த தெளிநீரைக் கொட்டிவிடாதீர்கள். பாலின் சுண்ணாம்புச் சத்தில் ஒரு பகுதியும், கரையும் புரதமும், பால்வெல்லமும் அதிலே உள்ளன. ரொட்டிக்கு மாப் பிசையலாம், இரசத்தில் நீருக்குப் பதிலாகச் சேர்க்கலாம், கூழிலும் விடலாம்.

அன்றாடத் தட்டில்

பாற்கட்டிச் சம்பல்: உதிர்த்த கட்டியோடு கற்பிட்டிச் சின்ன வெங்காயம் எட்டு, பச்சைமிளகாய் இரண்டு, சிறிது கறிவேப்பிலை ஆகியவற்றைப் பொடியாக அரிந்து சேர்த்து, உப்பும் சில துளி தேசிப்புளியும் விட்டுப் பிசறுக. தேங்காய் ரொட்டிக்கும் பாணுக்கும் அவித்த மரவள்ளிக்கிழங்குக்கும் ஏற்றது. அன்று செய்ததை அன்றே உண்க.

முருங்கையிலை வறை: வழக்கம்போல வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளித்து, முருங்கையிலையை வதக்கி, தேங்காய்ப்பூவில் பாதியைக் குறைத்து அதற்கு ஈடாக உதிர்த்த கட்டியைச் சேர்த்து, இரண்டு நிமிடம் கிளறி இறக்குக. கீரையை வெறுக்கும் பிள்ளையும் இதனை வேண்டாமென்பதில்லை. அகத்தி, பொன்னாங்காணி முதலியவற்றுக்கும் இம்முறை பொருந்தும்.

பொரித்த கட்டிக் குழம்பு: அழுத்திய கட்டியை விரல் முனையளவு துண்டங்களாக வெட்டி, மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவி, தாச்சியிற் சிறிது தேங்காயெண்ணெய் விட்டுப் பொன்னிறமாகப் பொரித்தெடுக்க. புளியால் உறைந்த கட்டி சூட்டில் உருகாது. ஆகவே நமது அடுப்புக்கு மிகவும் ஏற்றது. கத்தரிக்காய்க் குழம்போ தக்காளிக் குழம்போ கொதித்து இறங்கும் வேளையில் துண்டங்களை இட்டு மூடிவைத்தால், சாறு ஊறி மென்மையாகும். முதலிலேயே இட்டுக் கொதிக்கவைத்தால் இறுகிப் போகும். சொதியிலும் இவ்வாறே இடலாம், இடியப்பத்துக்கு நன்று.

பள்ளிப் பிள்ளைக்கு ரொட்டி: தெளிநீரிற் பிசைந்த கோதுமை மாவை உருட்டித் தட்டி, வெங்காயம், மிளகுத்தூள், உதிர்த்த கட்டி ஆகியவற்றை வதக்கி நடுவில் வைத்து மடித்து, ஓட்டிற் சுட்டெடுக்க. வதக்கிய பூரணமாதலால், காலையிற் செய்தது பள்ளி இடைவேளை வரை கெடாது.

இனிப்பு: உப்பிடாத கட்டியைத் தேங்காய்ப்பூவோடு சம அளவு கலந்து, பனங்கட்டியும் ஏலக்காயும் சேர்த்து, ஈரம் வற்றக் கிளறினாற் கொழுக்கட்டைக்குப் பூரணமாகும். திரைந்த பாலைப் படைப்பதில்லை என்னும் மரபுடையோர் இதனை நைவேத்தியத்துக்கு வைக்காது உண்பதற்கு மட்டும் செய்துகொள்ளலாம்.

மீனும் பாலும்

மீனோடு பால் உண்ணலாகாது என்பது நமது வீடுகளின் பழைய விதி. இரண்டையும் சேர்த்துண்பதால் தோலில் வெண்படை தோன்றும் என்பர். அதற்கு மருத்துவச் சான்று இல்லை. ஆயினும் வீட்டுப் பெரியோரின் மனத்தை வருத்திப் புதுமை செய்யவேண்டியதும் இல்லை. மீன் சமைக்கும் நாளில் நமக்கு வேறு புரதம் எதற்கு? பாற்கட்டியின் வேலை மீன் இல்லாத நாளிலேதான் தொடங்குகின்றது.

அப்படிப்பட்ட நாட்கள் நமது கரையிற் குறைவல்ல. வெள்ளிக்கிழமை விரதமுண்டு, கந்தசட்டி உண்டு. உடப்புத் திரௌபதையம்மன் கோயிலின் ஆடித் தீமிதிப்புக் காலத்தில் விரதங்காக்கும் வீடுகளில் மீன் வாசனையே இராது. மேலும் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிற் கடல் கொந்தளிக்கும். பல படகுகள் கரையேறிக் கிடக்கும். மீனின் விலையும் ஏறும். அந்நாட்களிற் பருப்பும் சோறுமே உணவாகின்றன. அந்தத் தட்டில் நான்கு துண்டம் பாற்கட்டி விழுந்தால், வளரும் பிள்ளைக்கும் முதியோருக்கும் அது பெருந்துணையாகும்.

சில எச்சரிக்கைகள்

ஆட்டுப்பால் உயர்ந்ததென்று கூறியதனால் அதனை எல்லாருக்கும் ஏற்றதென எண்ணலாகாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு ஈடாக ஆட்டுப்பாலைக் கொடுத்தல் தவறு. அதிற் போலிக் அமிலம் மிகக் குறைவு. அதனையே நம்பி வளரும் குழந்தைக்கு இரத்தச்சோகை உண்டாகும். பசுப்பால் ஒவ்வாதவருள் மிகப் பலருக்கு ஆட்டுப்பாலும் ஒவ்வாது. புரதங்கள் பெரிதும் ஒத்தவை. பால்வெல்லம் செரியாதவருக்கும் ஆட்டுப்பால் மாற்றாகாது. அதிலும் அவ்வெல்லம் ஏறக்குறைய அதே அளவு உள்ளது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கட்டிக்கு உப்பிடாது உண்க.

ஈரம் மிகுந்த இக்கட்டி கருவாட்டைப்போல வெளியில் நெடுநாள் இராது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டிற் செய்த அன்றே சமைத்து முடித்துவிடுக. பெட்டி உள்ளவர் மூடிய பாத்திரத்தில் மூன்று நான்கு நாள் வைக்கலாம். ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் ஏறக்குறைய 80 கிராம் உப்பைக் கரைத்து, அழுத்திய துண்டங்களை அதில் மூழ்கவைத்துப் பெட்டியினுள் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். சமைக்குமுன் வெறுநீரில் ஊறவைத்து உப்பைக் குறைத்துக்கொள்க. நிறம் மாறினும் வழுவழுப்புத் தோன்றினும் எறிந்துவிட வேண்டும்.

ஆட்டுக்கு மருந்தோ ஊசியோ கொடுத்திருந்தால், கால்நடை வைத்தியர் கூறும் நாள்வரை அதன் பாலை உணவிற் சேர்க்கலாகாது. குட்டி ஈன்றவுடன் சுரக்கும் சீம்பால் குட்டிக்கே உரியது. குட்டி தழை தின்னப் பழகும் வரை அதன் பங்கில் நாம் கைவைத்தால் குட்டி மெலியும். நாளைய மந்தையும் மெலியும். நாட்டாடு ஒன்று குட்டிக்குப் போக அரை லீற்றர் தருவதே பெரிது. ஆகவே இரண்டு ஆடு வைத்திருப்பவர் ஒரு நாளைப் பாலை மட்டும் கட்டிக்கென ஒதுக்கினாற் போதும். ஏனைய நாட்களிற் பால் பாலாகவே பிள்ளைகளின் வயிற்றைச் சேரட்டும். ஒரு லீற்றர் பாலைக் கட்டியாக்கினால் அளவு சுருங்குவது உண்மையே. ஆனால் எஞ்சிப் புளிக்கவிருந்த பாலுக்கும், கறக்கப்படாமலே போன பாலுக்கும் இக்கணக்குப் பொருந்தாது. அவை முழுவதும் மிச்சமே.

காந்தியடிகள் பசுப்பாலை விலக்கிய பின்னர் ஆட்டுப்பாலையே உணவாகக் கொண்டார் என்பது யாவரும் அறிந்தது. அவர் 1927இல் இலங்கைக்கு வந்தபோதும் அந்நியமம் அவரிடம் இருந்தது. அப்பாலை ஏழையின் பாலென்று தாழ்வாக நினைப்போருக்கு இது ஒன்றே விடையாகும். ஏழையின் பாலாயினும் ஏழையின் பிள்ளைக்கு அது கிடைக்கின்றதா என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

வரும் வெள்ளிக்கிழமை காலையில் ஒரு லீற்றர் பாலைக் கொண்டு தொடங்குங்கள். வீட்டிலுள்ள மாணவர் பால் பிரியும் விந்தையை அருகிருந்து பார்க்கட்டும். பிரிந்த கட்டியை நிறுத்துக் குறித்துக்கொள்ளட்டும். பாட்டி முகஞ்சுளித்தால் முதற் கவளத்தை அவருக்கே முருங்கையிலை வறையிற் கலந்து கொடுங்கள். எஞ்சியதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.